முகமளவு வெளிச்சம்

பிரியந்தினி இரண்டு புரொஜெக்டர்களின் பின்பக்கத்திலும் கையை வைத்து, வெளியே வரும் காற்றின் சூட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். காய்ச்சல்காரப் பிள்ளையைத் தொட்டுப் பார்க்கிற அதே தொடுகை. "வெளிநாட்டுக்காரருக்குக் கொதிக்குது அண்ணை. பெரியப்பாவுக்கு ஒரு குறையுமில்லை" என்று உதவிக்கு நிற்கும் எனக்கு அறிவித்துவிட்டுக் கையைச் சட்டையில் துடைக்கிறார்.

இரண்டுமே வீட்டுக்குள் சாய்ந்திருந்து படம் பார்ப்பதற்கென்று செய்த கருவிகள். வன்னியில் அவற்றுக்கு அந்தச் சொகுசு வாய்க்கவில்லை. உருத்திரபுரத்திலிருந்து பிரியந்தினியின் மோட்டார் சைக்கிளில் ஏறி, கலியாணவீடு, பெண்பிள்ளைகளின் சாமத்தியவீடு, செத்தவீடு என்று, தூரத்து உறவுகளைத் திரையில் சேர்த்துவைக்க அலைகின்றன. வெளிநாட்டுக்காரர் வெள்ளை, புதியவர், பளிச்சென்று அடிப்பார். கரண்ட் கொஞ்சம் இறங்கினாலோ அறுவடைத் தூசி மூக்கில் ஏறினாலோ கோபித்துக்கொண்டு அணைந்துவிடுவார். பெரியப்பா கறுப்பு, விளிம்பு உடைந்தவர், வெளிச்சமும் மங்கல். "ஆனா சபையிலை மானத்தை வாங்கமாட்டார்" என்று பிரியந்தினி அவருக்கு நற்சாட்சி வழங்குவார்.

பெட்டியில் அச்சடித்திருக்கும் வெளிச்சக் கணக்கை இவர் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. நெல்லு வெட்டும் மெஷினுக்குப் பக்கத்தில், வரம்பில் வைத்து ஓடவிட்டுப் பார்த்த பிறகுதான் விலை பேசுவார். விற்க வந்த ஒருவர் தலையில் கைவைத்துக்கொண்டு வயலோரம் நின்றதை நானே கண்டேன். பாவம் மனுசன்!

போன ஆவணியில் வட்டக்கச்சி விமலேஸ்வரி அக்காவின் மகன் நிருஷனுக்குப் பிரான்சில் கலியாணம். அவருடைய வதிவிட வழக்கு முடியவில்லை, இங்கே வர வழியில்லை. தாய் அங்கே போகக் கேட்ட விசாவும் கிடைக்கவில்லை. வீடியோவில் பார்ப்பதென்று முடிவாயிற்று. ஆனால் அக்கா பிரியந்தினியிடம் கேட்டது வேறொன்று.

"பாத்தாப் போதாது பிள்ளை. நான் அறுகரிசி போடேக்கை அவன்ரை தலை என்ரை கைக்குக் கீழை இருக்கோணும்."

நடக்கிற காரியமா இது? எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது. பிரியந்தினியோ, "ஓம் அக்கா, செய்து தாறன்" என்று சொல்லிவிட்டார்.

அறுகும் அரிசியும் தூவி வாழ்த்த எழுந்து போகிறவரின் நிழல் விழுந்து மணமக்கள் மறைந்துபோவது இந்தத் தொழிலின் பெரிய தலையிடி. முன்பொரு கலியாணத்தில் பெரியவர் ஒருவர் உணர்ச்சிவசப்பட்டு வெளிச்சம் வரும் பக்கமே திரும்பி அறுகரிசியை எறிய, அது கருவிக்குள் புகுந்து கறகறவென்று அரைபட்டதாம். ஆகவே இம்முறை பிரியந்தினி கருவியை, திரையாகக் கட்டிய சீலைக்குப் பின்னால் வைத்தார். படத்தை இடம்வலமாகத் திருப்பிவிட்டால் முன்னால் இருப்பவர்களுக்குச் சரியாகத் தெரியும். ஆனால் சீலையைத் தாண்டும்போது பாதி வெளிச்சம் போய்விடும். பட்டப்பகல் வேறு. பொதுநோக்கு மண்டபத்து யன்னல்களுக்கெல்லாம் வெயில் புகாமல் படங்கு கட்டியாயிற்று.

வெளிநாட்டுக்காரரைத்தான் வைப்பார் என்று நினைத்தேன். பெரியப்பாவை வைத்தார்! வைத்து, சீலையை நோக்கி மெல்ல மெல்ல நகர்த்தினார். படம் சுருங்கச் சுருங்க முகங்கள் தெளிந்துகொண்டே வந்தன.

மாப்பிள்ளையின் தாய்மாமன் ராஜரத்தினத்துக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ன பிள்ளை இது, கதவளவு! தியேட்டர் மாதிரிப் பெரிசாப் போடு. ஊரையெல்லோ கூப்பிட்டிருக்கிறம்!"

"தாலி கட்டேக்கை அணைஞ்சா ஊருக்கு என்னத்தைக் காட்டுறது மாமா? முகம் முகமளவு இருந்தாப் போதும்."

ராஜரத்தினம் கதிரையை மறுபக்கம் திருப்பிப் போட்டு அமர்ந்தார்.

தாலி கட்டும் நேரம் மண்டபத்து மின்விசிறிகள் சோர்ந்தன. கரண்ட் இறங்குகிறது! சீலைக்குப் பின்னால் பிரியந்தினியோடு நின்ற நான் பெரியப்பாவையே பார்த்தேன். பெரியப்பா ஒருமுறை கண் சிமிட்டினார். அணையவில்லை. மறுபக்கம் குலவைபோல ஒரு ஆரவாரம் எழுந்தது.

விமலேஸ்வரி அக்கா எழுந்து வந்தார். சீலையின் மேல்விளிம்பில் கட்டியிருந்த கைத்தொலைபேசி அனுப்பிய படத்தில் தாயைக் கண்டு அங்கே நிருஷன் குனிந்தார். அக்கா அறுகரிசியைத் தூவி, அவர் தலையில் கைவைத்தார். நிழல் விழவில்லை. மகன் அசலாக எதிரே நின்றார். இந்தப் பெண் சொன்னதைச் செய்துவிட்டாளே என்று வாய்விட்டே சொன்னேன்.

பிறகு அக்கா தன்னை மறந்துவிட்டார். கொஞ்சுவதற்காகக் கன்னத்தை வைத்து, முழுப் பாரத்தோடும் சாய்ந்தார். சீலை உள்வாங்கியது. நிருஷனின் முகம் நெளிந்து கலங்கத் தொடங்கியது.

எழுந்து போனால் ஒளி மறையும். பிரியந்தினி சீமெந்துத் தரையில் பொத்தென்று மல்லாந்து படுத்தார். ஒளிக்குக் கீழால் முதுகைத் தேய்த்து ஊர்ந்துபோய், சீலையின் கீழ்விளிம்பை இரண்டு கைகளாலும் பற்றி இறுக்கி இழுத்தார். முகம் நேரானது. தாய் கன்னத்தை எடுக்கும்வரை அவர் விடவில்லை.