தேசிக்காய்க்கு மேல் ஏறிப்போன வண்டி

வண்டி நகரத் தொடங்கியபோது என் கையில் கற்பூரத் தட்டு இருந்தது. என் கணவரின் கையில் தேங்காய் இருந்தது. ஓட்டுபவர் இருக்கையில் ஒருவரும் இல்லை. இன்றைக்கும் மொன்றியலில், லாசாலில் எங்கள் வீட்டு வாசலில் ஏதாவது வாகனம் பின்னுக்கு எடுக்கும் சத்தம் கேட்டால் வெளியே ஓடிவந்து பார்க்கிறேன். கோயிலில் காணும் அடியார்கள், நோர்வேயில் என்ன நடந்தது என்று கேட்கிறார்கள். வாயால் சொல்லத் தொடங்கினால் அழுகை முந்திவிடுகிறது. அதனால் எழுதுகிறேன்.

கடந்த கோடை விடுமுறையில் என் கணவரின் தங்கை மகளுக்கு ஒஸ்லோவில் கலியாணம். அவ்வளவு தூரம் போகிறோம், நாட்டையும் சுற்றிப் பார்ப்போம் என்று படுக்கை, அடுப்பு, குளிக்கும் அறை எல்லாம் உள்ள வண்டி ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். நான், கணவர், பன்னிரண்டு வயது மகள் ஆர்த்தி. என் கணவர் மொன்றியலில் பல வருடமாகச் சாமான் வண்டி ஓட்டுகிறவர். வாடகைக்குத் தந்தவர் ஒவ்வொன்றாக விளக்கியதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு, "எனக்கே படிப்பிக்கிறார்" என்று என்னிடம் சிரித்தார்.

நான் என் பங்குக்குக் குளிக்கும் அறையை நிரப்பினேன். அரிசி மூட்டை, மிளகாய்த்தூள், கருவாடு, சட்டி பானை எல்லாம் அதற்குள்தான். நோர்வேயில் போய்ப் பாணும் சீஸும் தின்று சாக என்னால் முடியாது. ஆர்த்திதான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். "அம்மா, இது குளிக்கிற அறை இல்லை, தெப்பனர்" என்றாள். எங்கள் ஊர் மூலைக்கடையைத்தான் அப்படிச் சொன்னாள். நான் காதில் வாங்கவில்லை.

மலையும் கடலும் பார்த்துக்கொண்டு நன்றாகத்தான் போனோம். வியாழக்கிழமை ஒரு சுரங்கப் பாதையில் பக்கக் கண்ணாடி சுவரில் உரசி உடைந்தது. எனக்கு மனம் சரியில்லை.

"கண்ணூறு பட்டிட்டுது. நாளைக்கு வெள்ளிக்கிழமை. தேசிக்காய் வைச்சுத்தான் வெளிக்கிட வேணும்" என்றேன்.

"உமக்கு எங்க போனாலும் இதுதான்" என்றார். ஆனாலும் மறுக்கவில்லை.

அடியார்களுக்குத் தெரிந்த வழக்கம்தான். சில்லுகளுக்கு முன்னால் தேசிக்காய் வைத்து, கற்பூரம் காட்டி, தேங்காய் உடைத்து, காயை நசித்துக்கொண்டு புறப்படுவது. காயும் தேங்காயும் ஒஸ்லோவில் கணவரின் தங்கை, என் மச்சாள், தந்துவிட்டவை. நாங்கள் தங்கிய இடம் கடலை நோக்கிச் சரிந்த புல்வெளி. வண்டி உருளாமல் இரவு சில்லுக்கு முட்டுக்கட்டை கொடுத்திருந்தோம். காலையில் தேசிக்காய் வைக்க இடம் வேண்டுமென்று, அந்தக் கட்டைகளை எடுக்கச் சொன்னதும் நான்தான்.

கணவர் வண்டியை ஸ்டார்ட் பண்ணிச் சூடாகட்டும் என்று விட்டுவிட்டு இறங்கினார். மொன்றியல் குளிரில் வந்த பழக்கம். எங்கள் ஆட்டோமாட்டிக் வாகனங்களில் கியரை 'P'க்குத் தள்ளிவிட்டால் போதும், தானாக நிற்கும். கைப்பிரேக்கைப் பனிக்காலத்தில் இறுகிவிடும் என்று நாங்கள் தொடுவதே இல்லை. அந்த வண்டியோ கையால் கியர் மாற்றும் வண்டி; எஞ்சின் ஓடும்போது கைப்பிரேக் இல்லாமல் நிற்காது. அவர் கைப்பிரேக்கை இழுக்கவில்லை. சில்லுகள் புல்லில் சற்றுப் புதைந்திருந்ததால் வண்டி உடனே உருளவும் இல்லை.

தேசிக்காய் நசிந்த சத்தம் எனக்குக் கேட்டது. முதலில் எனக்கு விளங்கவே இல்லை. காற்றுக்கு அசைகிறது என்று நினைத்தேன். பிறகு வண்டி என்னைக் கடந்து போனது. கணவர் தேங்காயைப் போட்டுவிட்டு ஓடிக் கதவைப் பிடித்தார். அது அவரை இழுத்து விழுத்திவிட்டுப் போனது. மர வேலியை உடைத்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கியது. முன்பக்கம் முழுதும் மூழ்கிவிட்டது. ஓட்டுபவரின் தலைக்கு மேலே உள்ள படுக்கைத் தட்டில்தான் ஆர்த்தி படுப்பாள். பத்துத் தரம் கூப்பிடாமல் எழும்பாத பிள்ளை.

எனக்கு ஓட வரவில்லை. கத்தவும் வரவில்லை. கற்பூரத் தட்டு கையில் சுட்டது. அதைக் கீழே போடவும் தோன்றவில்லை. வேல்மாறலும் கவசமும் தினமும் சொல்லும் எனக்கு அந்த நேரம் ஒரு வரிகூட நினைவில் இல்லை.

"முருகா, பிள்ளையைத் தா. வேறை ஒண்டும் வேண்டாம்." அவ்வளவுதான் வந்தது.

"அம்மா, எங்கட வண்டி எங்க?"

எனக்குப் பின்னால் ஆர்த்தி நின்றாள். தோளில் துவாய், கையில் பல்தூரிகை, தலையெல்லாம் ஈரம். நான் அவளைத் தொட்டுப் பார்த்தேன். முகத்தைத் தொட்டேன், கையைத் தொட்டேன். நம்ப முடியவில்லை.

அப்போதுதான் கணவரின் நினைவு வந்தது. அவர் அந்த ஐஸ் தண்ணீருக்குள் மூழ்கி மூழ்கி வண்டிக் கதவை இழுத்துக்கொண்டிருந்தார். பக்கத்துக் கூடாரக்காரர் இரண்டு பேர் பிடித்தும் திமிறினார். நான் கூப்பிட்டது அவருக்குக் கேட்கவில்லை. ஆர்த்தி வேலிவரை ஓடிப்போய், "அப்பா, நான் இஞ்ச நிக்கிறன்" என்றாள். அவர் திரும்பிப் பார்த்தார். மார்பளவு தண்ணீரில் நின்றபடியே இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார்.

பிறகு, கூடாரக்காரர் தந்த கம்பளிக்குள் மூவரும் சுருண்டிருந்தபோது, எப்படி வெளியே போனாய் என்று ஆர்த்தியைக் கேட்டேன். "உங்கட அரிசி மூட்டை சரிஞ்சு விழுந்து குளிக்கிற அறைக் கதவைத் திறக்கேலாம போச்சு. பாத்ரூம் அவசரம். நீங்கள் ரெண்டு பேரும் முன்னால நிண்டு கண்ணாடியைப் பற்றிச் சண்டை. அதான் பொதுக் குளியலறைக்குப் போனன்."

மூட்டை விழுந்தது தற்செயல் என்று சொல்பவர்கள் சொல்லட்டும். என் மூளைப் பிசகுக்கும் அவருடைய பெருமைக்கும் நடுவில் அந்த மூட்டையைத் தள்ளிவிட்டது யார் என்று எனக்குத் தெரியும்.

முன்பெல்லாம் என் கணவர் என்னைக் கோயில் வாசலில் இறக்கிவிட்டு, காருக்குள் இருந்து ரேடியோ கேட்பார். இப்போது வெள்ளிக்கிழமைகளில் கைப்பிரேக்கை இழுத்து, ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டு, என்னோடு உள்ளே வருகிறார். சன்னதியில் ஒன்றும் கேட்கமாட்டார். ஆர்த்தியின் தலையில் கை வைத்தபடி நிற்பார்.

தேசிக்காய் வைப்பதை நானும் விடவில்லை. பிள்ளையை இறக்கிப் பக்கத்தில் நிறுத்திவிட்டுத்தான் வைக்கிறேன்.

அடியார்களே, கஷ்டம் வரும்போது மந்திரம் மறந்துபோகும். கவலைப்படாதீர்கள். வாயில் வருவதைச் சொல்லி அவனிடம் கேளுங்கள். நான் பிள்ளையைத் தா என்று கேட்டபோது, அவள் ஏற்கெனவே என் பின்னால் வந்துகொண்டிருந்தாள்.