வெறும் கமராவுக்கு முன்னால்

போன கிழமை மதுவிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு சுவரொட்டி வந்தது. மது என் நண்பன் குணத்தின் மகள். சுவிஸில் பிறந்து, படிப்புக்காகக் குடும்பத்தோடு லண்டனுக்கு வந்து, இப்போது ஸ்ட்ரெதமில் பல் வைத்தியராக இருக்கிறாள். அண்மையில் காலமான றெகுலா என்ற சுவிஸ் ஆவணப்பட இயக்குநரின் படங்களை இங்கே ஒரு சின்னத் தியேட்டரில் காட்டுகிறார்களாம். அதில் ஒன்று, பேர்ன் நகரத்தில் குணமும் நானும் வேலை செய்த ரெஸ்ரோரண்ட் சமையலறையில் எடுத்தது. கீழே ஒரு வரி எழுதியிருந்தாள்: "மாமா, இதில அப்பா வருவாரா?"

குணம் இப்போது இல்லை. "போட்டோ கன இருக்கு மாமா. எல்லாத்திலயும் விறைச்சுக்கொண்டு நிக்கிறார். அவர் நடக்கிறதை, சிரிக்கிறதை ஒருக்காப் பாக்கோணும்" என்று போனில் சொன்னாள். அவன் அதில் வருவானா என்று எனக்கும் தெரியாது. படம் முடியுமுன்பே நான் லண்டனுக்கு வந்துவிட்டேன். குணமோ சாகும்வரை அந்தப் படத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை.

சுவரொட்டியில் ஒரு சட்டி நிறைய உருகிய சீஸ். பார்த்ததுமே மூக்கில் மணம் ஏறிவிட்டது. அது எப்படிப்பட்ட மணம் என்று கேட்டால், மழையில் நனைந்த சப்பாத்தைக் காலிலிருந்து கழற்றி அடுப்புக்குப் பக்கத்தில் காயவைத்தது போலத்தான். இன்றைக்கும் வெம்பிளியில் அந்தச் சீஸைக் கண்டால் வாங்கிவிடுவேன். மனிசி மூக்கைப் பொத்திக்கொண்டு மேல்மாடிக்குப் போய்விடுவாள்.

அந்த மணத்துக்குள்ளே, பின்கதவால்தான் றெகுலா வந்தார். நான் சலாட் வெட்டுகிறவன், குணம் கோப்பை கழுவுகிறவன். இன்னும் இரண்டு மூன்று ஊர்ப் பொடியன்களும் அங்கே வேலை, எல்லோருக்கும் ஒரே அறை. றெகுலாவுக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். எங்களைப் பற்றிப் படமெடுக்க வந்தவரை நாங்கள்தான் குடைந்து குடைந்து கேட்டோம். கலியாணம் ஏன் கட்டேல்லை, தாய் தகப்பன் எங்கே, படத்துக்கு என்ன சம்பளம். குணம் தன் அரைகுறை ஜெர்மனில் கேட்டு எங்களுக்கு மொழிபெயர்ப்பான்.

அப்படித்தான் அவருடைய கதை தெரிந்தது. மலைக்கிராமத்தில் சீஸ் செய்கிறவரின் மகள். தொலைக்காட்சியில் வேலை செய்து, அழுகிற சனத்தின் வாய்க்குள் மைக்கை நீட்டச் சொன்னார்கள் என்று விட்டுவிட்டு வந்தவர். முதல் படம் தகப்பனைப் பற்றி, அடுத்தது சுரங்கப்பாதை வெட்ட வந்த இத்தாலிக்காரரைப் பற்றி. எந்தப் படத்திலும் அவர் கேள்வி கேட்பதில்லை, பின்னணியில் யாரும் விளக்கம் சொல்வதுமில்லை. "கேள்வி கேக்காமல் என்னண்டு படம் எடுக்கிறது?" என்று குணம் கேட்டான். அவர் வெங்காயம் உரித்துக்கொண்டே சிரித்தார். முதல் மாதம் முழுக்க எங்களோடு வெங்காயம்தான் உரித்தார்.

பிறகு கமரா வந்தது. வீடியோ என்றால் எங்களுக்குக் கலியாண வீடு, சாமத்தியச் சடங்கு, அவ்வளவுதான். ஆகவே அறையைக் கூட்டி, பிளாஸ்டிக் பூ வைத்து, பவுடர் பூசிக்கொண்டோம். இருந்த ஒரே கோட்டை மாறி மாறிப் போட்டு, கதிரையில் நிமிர்ந்திருந்து கமராவை நேராகப் பார்த்தோம். ஒருவன் இணைப்பே இல்லாத டெலிபோனைக் காதில் வைத்தபடி நின்றான். றெகுலா முகம் மாறாமல் எல்லாவற்றையும் எடுத்தார். கமராவுக்குள் ஃபிலிமே இல்லை என்பது பின்னால்தான் தெரிந்தது. ஆட்கள் கமராவை மறக்கும்வரை வெறும் பெட்டியோடு வருவது அவர் வழக்கமாம். நாங்கள் அலுத்துப்போய்க் கோட்டைக் கழற்றிப் பழையபடி சாரம் கட்டிய பிறகுதான் ஃபிலிம் போட்டார்.

அதற்குள் குணமும் கமராவை மறந்திருந்தான். கோப்பைகளை அடுக்கியபடி எங்கள் தலைமைச் சமையற்காரன் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நடப்பதை நடந்து காட்டுவான். நாங்கள் வயிறு வலிக்கச் சிரிப்போம். றெகுலாவின் கண் எப்போதும் அவன் பக்கம்தான்.

ஒருநாள் யாரோ, இது தொலைக்காட்சியில் போகும் என்றார்கள். குணத்தின் முகம் கறுத்துவிட்டது. தொலைக்காட்சியில் போனால் கசெற்றாகும், கசெற் பாரிஸ் போய்க் கனடா போய் ஊருக்குப் போகும். அவன் சுவிஸில் ஒரு கந்தோரில் மேசை வேலை செய்வதாக ஊருக்குச் சொல்லியிருந்தான். அதை நம்பித் தங்கைக்கு மாப்பிள்ளை பேசியிருந்தார்கள். றெகுலாவிடம் போய், "நான் கோப்பை கழுவுறதை அம்மா பாக்கக் கூடாது. என்னைப் படத்திலயிருந்து வெட்டிவிடுங்கோ" என்று சொன்னானாம். திரும்பி வந்து, "நான் இல்லாட்டிப் படமே இல்லை எண்டு சொல்லுறா" என்றான். வெட்டுவேன் என்றோ மாட்டேன் என்றோ அவர் சொல்லவில்லையாம். அடுத்த மாதம் நான் லண்டனுக்கு வந்துவிட்டேன்.

தியேட்டருக்குப் போகும் ரயிலில் மதுவிடம் இதையெல்லாம் சொன்னேன். "அப்ப அவ வெட்டியிருக்க மாட்டா மாமா. நல்ல சீனை ஆரும் வெட்டுவினமோ?" என்றாள். எனக்கும் அதுவே ஆசையாக இருந்தது. ஒரு நல்ல மனுசி என் நண்பன் கேட்டதைச் செய்யாமல் விட்டிருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டு போனது அன்றைக்குத்தான்.

படத்துக்கு முன் றெகுலாவின் எடிட்டர், நரைத்த ஒரு பெண்மணி, பேசினார். றெகுலா கடைசிக் காலத்தில் படத்துக்குப் பணம் கொடுப்பார் இல்லாமல் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கமரா பிடிக்கச் சொல்லிக்கொடுத்தாராம். வேண்டாம் என்று சொன்ன எவரையும் அவர் படத்தில் விட்டதில்லையாம். அவர்கள் வரும் ஃபிலிமைத் தன் கையாலேயே அழித்துவிடுவாராம். மது என் கையைப் பிடித்தாள்.

சமையலறை வந்தது. ஆவி, சீஸ் சட்டி, சலாட் வெட்டும் மெலிந்த பொடியன். அது நான்தான். பல் எல்லாம் தெரிய, கண்ணில் நீர் வரச் சிரிக்கிறேன். வலது பக்கம் பார்த்துப் பார்த்துச் சிரிக்கிறேன். எல்லோருமே அந்தப் பக்கம் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள். அங்கே நிற்பவன் மட்டும் படத்துக்குள் வரவில்லை.

"ஆரைப் பாத்து இப்பிடிச் சிரிக்கிறீங்கள்?" என்று மது காதுக்குள் கேட்டாள்.

"உன்ர அப்பாவைத்தான்" என்றேன்.

அவள் திரையை விட்டுவிட்டு அதன் வலது பக்கத்துச் சுவரைப் பார்த்தாள். வெளியேறும் கதவின் பச்சை விளக்கைத் தவிர அங்கே ஒன்றுமில்லை. அந்தக் காட்சி முடியும்வரை அவள் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.