பார்த்துக்கொள்கிறோம்

அந்த மின்னஞ்சலை முதலாளியம்மாவுக்குப் படித்துக் காட்டிய காலை இன்னும் என் கண்முன் நிற்கிறது. அவர் மேசைமேல் ஓர் அரக்கு நிறப் பட்டுப்புடவையை விரித்து, முந்தானையில் இழை ஏதாவது அறுந்திருக்கிறதா என்று விரலால் தடவிக்கொண்டிருந்தார். நான் எதிரே நின்று, எம்.ஏ. ஆங்கிலம் படித்தவள் என்ற மிதப்போடு, கைபேசியில் வந்திருந்ததைத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். பெங்களூரில் இணையம் வழியாகப் புடவை விற்கும் ஒரு கம்பெனி எழுதிய நீளமான கடிதம் அது. நடுவில் ‘வீ வில் டேக் ஓவர் எவ்ரிதிங்’ என்று ஒரு வரி. நான் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. “எல்லாத்தையும் நாங்க பாத்துக்கறோம்னு எழுதியிருக்காங்கம்மா” என்றேன்.

அதைக் கேட்டு அவருக்கு வந்த நிம்மதியைப் பார்க்கவேண்டுமே. ஆரணியில் எங்கள் கடை பெரிய கடை இல்லை. கணவர் இறந்த பிறகு, முள்ளிப்பட்டில் வீடு வீடாகப் போய் நெசவாளர்களுக்குத் தறியில் ஏற்றப் பாவும் பட்டும் கொடுத்து, நெய்து வந்த புடவைகளைத் தானே தோளில் சுமந்து விற்று, அவர் உருவாக்கிய கடை. புடவைப் பெட்டியின் மேல் அவருடைய பெயரைத்தான் அச்சடித்திருப்போம். இணையத்தில் விற்க ஆரம்பித்ததிலிருந்து அவருக்குத் தூக்கம் போயிருந்தது. போட்டோவில் மாம்பழ நிறமாகத் தெரிந்தது நேரில் மஞ்சளாக இருக்கிறது என்று எங்கிருந்தோ ஒருத்தர் தினமும் சண்டைக்கு வருவார். “ஒரே பேஜாரு டீச்சர். பாத்துக்கட்டும்னு எழுது. நல்லா மரியாதையா எழுது” என்றார். நான் முன்பு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்ததால் அவருக்கு எப்போதும் டீச்சர்தான்.

மரியாதையாகவே எழுதினேன். ‘கைண்ட்லி டேக் ஓவர் எவ்ரிதிங் அட் தி எர்லியஸ்ட்.’ அந்தக் கடைசிச் சொற்கள் அவர் சொல்லாதவை, என் சொந்தச் சரக்கு.

மூன்றாம் நாள் ஒப்பந்தம் வந்தது. களம்பூரிலிருந்து வேலைக்கு வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து படித்தேன். கடையின் பெயர் இனி அவர்களுடையது. டிசைன்கள் அவர்களுடையவை. அவர்களைக் கேட்காமல் ஒரு புடவையைக்கூட வெளியில் விற்கக்கூடாது. முதலாளியம்மாவுக்கு ஆலோசகர் என்று ஒரு பட்டமும் மாதச் சம்பளமும் உண்டு. அப்போதுதான் கைபேசியில் அகராதியைத் திறந்து ‘டேக் ஓவர்’ என்று தேடினேன். முதலில் செய்திருக்கவேண்டிய வேலை. ‘பொறுப்பேற்றல்’ என்று சாதுவாகத்தான் ஆரம்பித்திருந்தார்கள். கீழே போகப் போகத்தான் அந்த வினைச்சொல்லின் மற்ற சொந்தக்காரர்கள் வந்தார்கள். கேப்சர், அனெக்ஸ், யூசர்ப். எடுத்துக்காட்டு வாக்கியத்தில் ஒரு ராணுவம் ஒரு நகரத்துக்குள் நுழைந்துகொண்டிருந்தது. நான் அந்த ராணுவத்துக்கு, சீக்கிரம் வாருங்கள் என்று கடிதம் எழுதியிருக்கிறேன்.

கடைக்குள் நுழைந்ததும் சொல்லிவிட்டேன். “அம்மா, டேக் ஓவர்னா பாத்துக்கறது மட்டும் இல்லைம்மா.”

“வேற இன்னா?”

“கைப்பற்றுதல்னும் அர்த்தம் இருக்கு. ஆக்கிரமித்தல், அபகரித்தல்...”

“தமிழ்ல சொல்லு டீச்சர்.”

“முழுங்கறதும்மா.”

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். ஒப்பந்தத்தில் இருந்ததை எல்லாம் சொன்னேன். கேட்டுவிட்டு, சரக்கைத் தரம் பிரிப்பதுபோல நிதானமாகப் பேசினார். “முழுங்கறது வேற, அமுக்கறது வேற, வளைச்சுப் போடறது வேற. அமுக்குனா கேட்டு வாங்கலாம். முழுங்குனா ஏப்பம்தான் வரும். நம்மள சம்மதம் சொல்ல வெச்சு முழுங்கறதுக்கு இன்னா பேரு?”

“அதுக்கும் இதே பேருதாம்மா.”

“ஜல்தியா வந்து முழுங்குன்னு வேற எழுதிட்டியா?”

தலையை ஆட்டினேன். அழுகை வந்துவிட்டது. அவர் உழைத்துச் சேர்த்த பெயரை என் இங்கிலீஷ் ஒரே வரியில் தாரைவார்த்துவிட்டது. மறுத்து உடனே ஒரு கடிதம் எழுதுகிறேன் என்றேன். “நீ கொஞ்ச நாளைக்கு எதுவும் எழுதாத. வரட்டும், பேசிக்கலாம்” என்றார்.

கையெழுத்து வாங்கக் கம்பெனியிலிருந்து வந்தவருக்கு முப்பது வயது இருக்கும். மடிப்புக் கலையாத சட்டை, தோல் பை. காகிதங்களை மேசைமேல் வரிசையாக அடுக்கி, பக்கத்தில் தங்க நிற மூடி போட்ட ஒரு பேனாவையும் வைத்தார். பத்து நிமிடம் இங்கிலீஷில் பேசினார். முதலாளியம்மா இட்லியும் வடையும் கொண்டுவந்து வைத்தார். இரண்டாவது இட்லியில் அவருடைய தமிழ் வெளியே வந்தது. “நானும் இந்தப் பக்கம்தாங்க. வந்தவாசி. வேலைக்காகத்தான் பெங்களூர்ல இருந்துகினு இருக்கேன். நீங்க ரெஸ்ட் எடுங்கம்மா, எல்லாத்தையும் நாங்க பாத்துக்கறோம்.” அந்த நிலைமையிலும் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம். என் மொழிபெயர்ப்பு சரிதான்.

“வந்தவாசில அம்மா இருக்காங்களா?” என்று கேட்டார் முதலாளியம்மா.

“இருக்காங்க. தனியாத்தான் இருக்காங்க.”

“யாரு பாத்துக்கறா?”

“அவங்களே பாத்துக்கறாங்க. எத்தினி தடவ கூப்ட்டாலும் வரமாட்டேன்றாங்க. என் வூடு இருக்குது, என் கையி காலு இருக்குது, நான் எதுக்கு உன் வூட்ல வந்து குந்தணும்னு...” சிரித்துக்கொண்டே, கொஞ்சம் பெருமையோடுதான் சொல்ல ஆரம்பித்தார். பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது.

முதலாளியம்மா அவர் தட்டில் இன்னொரு வடையை வைத்தார். “சாப்பிடுங்க. அவங்க சொல்றது சரிதானே?”

அவர் முழுவதும் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வந்து காகிதங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பைக்குள் வைத்தார். “உங்க பேர்லயே நாங்க வாங்கி விக்கலாமான்னு ஆபீஸ்ல கேட்டுப் பாக்கறேங்க” என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டார். பேனாவை மட்டும் மறந்துவிட்டார்.

பத்து நாள் கழித்து மின்னஞ்சல் வந்தது. இந்த முறை ஒவ்வொரு சொல்லையும் அகராதியில் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தேன். முதல் தவணையாகப் புடவைகள் வேண்டும், பெட்டிமேல் அம்மாவின் பெயரே இருக்கட்டும் என்று எழுதியிருந்தார்கள். கடைசி வரியில், தன் பேனா அங்கே இருக்கிறதா என்று அந்த வந்தவாசிக்காரர் தனியாகக் கேட்டிருந்தார். முதலாளியம்மா அதே பேனாவால் முள்ளிப்பட்டுக்குப் போகவேண்டிய பாவுகளைக் குறித்துக்கொண்டிருந்தார்.

“பேனாவுக்கு இன்னாம்மா பதில் எழுதறது?” என்றேன்.

அவர் தலை நிமிரவில்லை. “பத்திரமா இருக்குது, நாங்க பாத்துக்கறோம்னு எழுது.”