சத்தமான தொடர் ஒன்று வேண்டும்

வளைகுடாவிலிருந்து அண்ணன் திரும்பி வந்தபோது அவன் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. வேலை நடந்த கட்டடத்தில் அடித்தளத்துக்குத் தோண்டிய மண் சரிந்து, கூட இருந்த புன்னக்காயல்காரர் ஒருவர் இறந்துபோனார் என்பது மட்டும் எங்களுக்குத் தெரியும். அதைப் பற்றி அம்மா பேச வாயெடுத்தால் அண்ணன் டிவி சத்தத்தைக் கூட்டுவான்.

கண் விழித்ததிலிருந்து டிவி ஓட வேண்டும். கரண்டு போனால் வாசலுக்கும் அடுக்களைக்குமாக நடப்பான். செய்தி பிடிக்காது, அழுகிற சீரியல் பிடிக்காது. ஒருநாள் சேனல் மாற்றிக்கொண்டே வந்தவன், குதிரைகளும் வாள்களும் மோதுகிற இடத்தில் நிறுத்தினான்.

"ஏளா, இது மாதிரி நல்லதா பாத்து வையி. ராசா காலத்துச் சண்டை. சத்தமா இருக்கணும்."

வந்த நாளிலிருந்து தங்கச்சி என்னிடம் அவன் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான். நான் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பில் வேலை பார்க்கிறேன். நோயாளிகள் இல்லாத நேரமெல்லாம் போனில் அதைத்தான் தேடினேன். நல்லது கிடைப்பது லேசாக இல்லை. முதலில் போட்டதில் நெருப்புக் கக்கும் பிராணி ஒன்று பறந்து வந்தது. "றெக்க மொளச்ச ஓணானு" என்று எழுந்து போய்விட்டான். அடுத்ததில் ராஜாவும் ராணியும் ஆரம்பத்திலேயே கட்டிலுக்குப் போய்விட, அம்மா "இந்தக் கருமத்தயா தேடிப் பிடிச்சே?" என்று என்னைப் பிடித்துக்கொண்டாள். இன்னொன்றில் தமிழ் டப்பிங்கில் எல்லா ராஜாவுக்கும் ஒரே குரல்.

கடைசியில் ஒன்று அகப்பட்டது. மந்திரம் மாயம் இல்லை. ஒரு கோட்டையை எதிரிப் படை சுற்றி வளைத்திருக்கிறது, உள்ளே ஜனங்கள் தண்ணீருக்குத் தவிக்கிறார்கள், அவ்வளவுதான் கதை. சாயங்காலம் நான் வந்ததும் மூவரும் உட்கார்ந்துவிடுவோம். "அந்தப் பிள்ளையளுக்குக் குடிக்கத் தண்ணி கெடச்சுதா?" என்று அம்மா மறுநாள் காலையிலேயே கேட்பாள். அண்ணன் பதில்கூடச் சொல்ல ஆரம்பித்திருந்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எதிரிகள் மதிலுக்கு அடியில் சுரங்கம் தோண்டினார்கள். சுரங்கம் சரிந்தது. மண்ணுக்குள்ளிருந்து ஒருவன் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். தளபதி கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "விட்டுட்டு வாங்க" என்று ஆட்களைத் திருப்பினான்.

அண்ணன் எழுந்து நின்றான். நான் ரிமோட்டைத் தேடி எடுப்பதற்குள் செருப்புகூடப் போடாமல் வெளியே இறங்கி ஆற்றுப் பக்கம் போய்விட்டான்.

"ஆத்துல வெள்ளம் போவுதுளா, ஓடு!" என்றாள் அம்மா.

அணை திறந்திருந்தார்கள். குறுக்குத்துறைப் படித்துறையில் மேல்படிகள் மட்டுமே வெளியே தெரிந்தன. அண்ணன் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தான். சத்தம் போட்டால் திரும்பும்போது வழுக்கிவிடுவானோ என்று பயமாக இருந்தது. பைய இறங்கிப் போய் அவன் சட்டையைப் பின்னாலிருந்து இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணே, மேல வா."

"விழமாட்டேன். இங்கன நின்னா வேற எதுவும் கேக்கல."

வெள்ளத்தின் இரைச்சலில் அவன் பேசியது பாதிதான் காதில் விழுந்தது. நான் இன்னும் நெருங்கிப் போனேன்.

"மண்ணு சரிஞ்ச ஒடனே அவன் சாகலளா. உள்ள இருந்து கூப்பிட்டுக்கிட்டே இருந்தான். நான் கையாலயே பறிச்சேன். இன்னும் சரியும்னு சொல்லி எல்லாரையும் இழுத்து வெளிய விட்டுட்டாவ. பொறவு சத்தம் நின்னு போச்சு. அவன் வீட்டுல ஒடனே உசிரு போயிட்டுன்னு சொல்லியிருக்காவ."

நான் சட்டையை விடவில்லை. வெகுநேரம் கழித்து அவனே திரும்பிப் படியேறினான். "அவங்க அம்மையப் போய்ப் பாக்கணும்" என்றான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் புன்னக்காயலுக்குக் கிளம்பினோம். ஆழ்வார்திருநகரி தாண்டியதும், "உண்மையச் சொல்லணுமா, வேண்டாமா?" என்று கேட்டான். சொன்னால் அந்த அம்மாள் தாங்குவாளா? சொல்லாவிட்டால் இவன் தாங்குவானா? ஆத்தூரில் பஸ் மாறினோம். புன்னக்காயலில் விசாரித்து இறந்தவர் வீட்டு முன்னால் போய் நின்றோம்.

கூட வேலை பார்த்தவன் என்று அண்ணன் சொன்னதும், அந்த அம்மாள் எங்களை உட்காரச் சொல்லிவிட்டு எதிரே தரையில் அமர்ந்தாள். சுற்றி வளைத்துப் பேசவில்லை. "நீ கூட இருந்தியாய்யா? எம்மவன் ரொம்பக் கஷ்டப்பட்டானா?"

அண்ணன் என்னைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"கொஞ்ச நேரம் உசிரு இருந்துச்சும்மா. மண்ணத் தோண்டிப் பாத்தேன். என்னால முடியல."

அவள் வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டாள். எங்களை எழுந்து வெளியே போகச் சொல்வாள் என்றுதான் நான் நினைத்தேன்.

"ஏதாவது சொன்னானா?"

"ஒங்களத்தான் கூப்பிட்டான். அம்மா, அம்மான்னு."

அவள் நகர்ந்து வந்து அவன் இரண்டு கைகளையும் பிடித்து, விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இந்தக் கையாலயா தோண்டுனே?" என்று அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அண்ணன் அப்போதுதான், வந்து இத்தனை நாளில் முதல்முறையாக, வாய்விட்டு அழுதான்.

அழுகை அடங்கியதும், எல்லாவற்றையும் முதலிலிருந்து இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள் அந்த அம்மாள். அவன் சொன்னான்.