தலைகீழாகத் திரும்பிய திரை

அண்ணியின் தொடுதிரை இப்போது என் மேசைமேல் இருக்கிறது. கண்ணாடியும் சட்டமும் சேரும் மூலையில், நகம் நுழையாத இடுக்கில், துளிச் சந்தனம் காய்ந்து கிடக்கிறது. எடுக்க ஒரு ஊசி போதும். எடுக்கக் கூடாது என்பது அண்ணியின் உத்தரவு.

அண்ணி காஞ்சிபுரத்து மெல்லிசைக் குழு ஒன்றில் கீபோர்டு வாசித்தவர். அதே குழுவுக்கு மைக்செட் போட்டவன் நான். ஒன்பதாவதோடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவன். மழை வருமோ, ஒயர் அறுந்துவிடுமோ என்று கச்சேரி முடியும்வரை பயந்துகொண்டே இருப்பேன். இரண்டாயிரத்துச் சொச்சத்தில் அண்ணிக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை தப்பியது. தாளத்தையும் பாட்டின் பகுதிகளையும் மாற்றுகிற இடது கைதான் ஓயாமல் நடுங்கியது. சின்னப் பொத்தான்களை அதனால் குறிபார்த்து அழுத்த முடியவில்லை. குழுத் தலைவர் வேறு ஆளைப் பார்த்து வைத்துவிட்டு, ரெஸ்ட் எடுங்கம்மா என்றார். செவிலிமேட்டில் ஒத்துக்கொண்டிருந்த கல்யாண வரவேற்பைத் தனக்கு விடும்படி அண்ணி கேட்டார். அதில் தடுமாறினால் தானே எழுந்துபோவதாகவும் சொல்லிவிட்டார்.

சென்னையில் மூடிய ஸ்டுடியோவிலிருந்து இந்தப் பழைய திரை கிடைத்தது. விரல் பட்டால் கீபோர்டுக்குக் கட்டளை போகும். எந்தப் பொத்தான் எங்கே, எப்போது தோன்ற வேண்டும் என்று நாமே ஸ்கிரிப்ட் எழுதிக்கொள்ளலாம். இங்கிலீஷ் கையேட்டை எழுத்துக்கூட்டிப் படித்து, பெரிய பொத்தான்களாகப் போட்டுக் கொடுத்தேன். அண்ணியின் கை அவற்றுக்கு நடுவில் போய் விழுந்தது.

"கை எம்மா நேரம்பா தேடிக்கினு போவும்? பொத்தானைக் கையண்ட வரச் சொல்லு" என்றார்.

அப்படியே எழுதினேன். திரை முதலில் வெறுமையாக இருக்கும். கை விழுந்த இடத்தைச் சுற்றிப் பல்லவி, சரணம், முடிவு என்று மூன்று அகலமான பட்டைகள் விரியும். வேண்டிய பக்கம் கையைச் சாய்த்தால் போதும். முந்தானை பட்டுவிட்டால் என்ன ஆகும் என்று பயந்தேன். முதலில் படுவது எதுவோ அதுதான் கை என்று ஒரு வரி சேர்த்தேன். என் பயங்கள் உருப்படியான வேலை செய்தது அந்த நாட்களில்தான்.

ஆயுத பூஜையன்று மற்ற வாத்தியங்களோடு திரைக்கும் அண்ணி சந்தனம் வைத்தார். நான் பதறித் துடைத்தேன். இடுக்கில் இறங்கியது எங்கள் கண்ணில் படவில்லை. செவிலிமேட்டில் இரண்டாவது பாட்டின்போது, காய்ந்த சந்தனம் கண்ணாடியை அழுத்தியதில், இடது கை எட்டாத மேல் மூலையில் பட்டைகள் தாமாக விரிந்தன. முதலில் பட்டதுதானே கை! அண்ணியின் கையைத் திரை சட்டை செய்யவில்லை. சரணம் நெருங்கியது. பாடகர் திரும்பிப் பார்த்தார். தலைவர் மேடை ஓரத்துக்கே வந்துவிட்டார். வயலின்காரர் இழுத்த ஒரு நீண்ட சுரத்துக்குள், அண்ணி வலது கையால் திரையைத் தலைகீழாகத் திருப்பினார். மூலை இடது கைக்கு அடியில் வந்தது. சட்டத்தில் முட்டி நின்ற கை பட்டையை அழுத்த, சரணம் பிறந்தது. கடைசிப் பாட்டுவரை அப்படியே வாசித்தார்.

எழுத்தெல்லாம் தலைகீழாகத் தெரிந்திருக்குமே என்றார் தலைவர்.

"தலைகீழா இருந்தா இன்னா, சரணம் சரணந்தானே? அடுத்த கச்சேரி எங்க?"

தலைவர் டைரியைப் புரட்டினார். பிறகு, முசரவாக்கம் என்றார்.

மறுநாள் ஊசியோடு போனேன். அண்ணி தடுத்தார்.

"இன்னிக்கு சந்தனம், நாளைக்கு வேற ஒண்ணு வரும். கை எதுன்னு அதுக்குக் கத்துக் குடுப்பா."

எதை அடையாளமாகச் சொல்வது? சந்தனம் அசையாது. அண்ணியின் கை ஒரு நொடிகூடச் சும்மா இருக்காது. மேடையில் அவர் முந்தானைக்குள் மறைத்துக்கொள்கிற நடுக்கம் அது. சொல்லவே தயங்கினேன். சொன்னதும் கையை ஒருமுறை பார்த்துவிட்டு, "எழுது" என்றார். நடுங்காதது கை இல்லை என்று எழுதினேன். சோதிக்க, நடுங்காது என்று நினைத்த என் விரலை வைத்தபோதும் பட்டைகள் விரிந்தன. "உனக்கும் தொறக்குது பாரு" என்று சிரித்தார்.

அண்ணி மேடையை விட்டு வருஷங்களாகின்றன. இன்று மேசையில் திரையை உயிர்ப்பித்து, அது கெட்டுப்போயிருக்குமோ என்ற பயத்தோடு விரலை வைத்தேன். சந்தனம் மூலையில் அசையாமல் இருந்தது. என் விரலைச் சுற்றி மூன்று பட்டைகளும் விரிந்தன.