ஏரோப்ளேனில் வந்த கடிதம்

அப்போது நான் கம்பத்துக்கு மேலே மலையில், சக்குபள்ளத்து ஏலத்தோட்டத்தில் காய் எடுத்துக்கொண்டிருந்தேன். எங்கள் தோட்டத்துத் துரை கராச்சிக்கு மாற்றலாகிப் போனபோது, சமையலுக்கென்று என் வீட்டுக்காரரையும் கூட்டிப்போய்விட்டார். ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரரின் கடிதம் வந்தது. மூன்றாம் வகுப்பு வரை படித்திருந்ததால் நானே எழுத்துக்கூட்டி வாசித்தேன்.

"வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கிழித்துக் கட்டியை எடுக்கப்போகிறார்கள். பிழைத்துக் கிடந்தால், சனிக்கிழமை புறப்படும் ஏரோப்ளேனில் துரையின் தபாலோடு என் கடிதமும் வரும். வராவிட்டால் தெரிந்துகொள்."

யாரிடமும் போய் நின்று பேச எனக்கு வராது. என் மாமியார்தான் கணக்கப்பிள்ளையிடம் கேட்டார்.

"ஏஞ்சாமி, கராச்சி எம்புட்டுத் தூரம்?"

"மெட்ராசுக்கு ஆயிரத்து முந்நூறு மைலு இருக்கும் ஆத்தா. ஏரோப்ளேனு ரெண்டே நாள்ல வந்துரும்."

"ராத்திரியும் பறக்குமா?"

"கண்ணு தெரிய வேணாமா? எங்கிட்டாவது எறங்கிப் படுத்துட்டு, விடிஞ்சுதான் கெளம்பும்."

ஞாயிறு சாயங்காலம் மெட்ராஸ், அங்கிருந்து ரயில், செவ்வாய்க்கிழமை கடிதம் கையில் இருக்கும் என்று கூலிக்காரர் லயத்து வீடுகளில் எல்லோரும் சொன்னார்கள். செவ்வாய் வரவில்லை. புதனும் வரவில்லை. வியாழனன்று மாமியார் சோறு வேண்டாமென்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். காட்டில் என் பக்கத்தில் காய் எடுக்கும் பெண்கள் சிரிப்பதை நிறுத்தினார்கள். ஒருத்தி தன் கூடையிலிருந்து இரண்டு கை காயை அள்ளி என் கூடையில் போட்டாள். எனக்கு அதைப் பார்த்துத்தான் பயம் பிடித்தது.

ஞாயிறு மத்தியானம், கம்பம் சந்தைக்குப் போயிருந்த சுமைக்காரர் தலையில் உப்பு மூட்டையோடு மலையேறி வந்தார். எங்கள் வாசலில் நின்று, ஒரு கையால் இடுப்பு மடியிலிருந்து கடிதத்தை எடுத்து நீட்டினார்.

"பொதங்கெழமையில இருந்து தபாலாபீசுலயே கெடக்காம் ஆத்தா."

எங்கள் தோட்டத்துக்குத் தபால் வாரம் ஒருமுறைதான். உப்பு, மிளகாய், கடிதம் எல்லாம் அவரோடுதான் மேலே வரும். இது பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். ஆகாயத்தில் வருகிற கடிதமும் கம்பத்தில் இறங்கி அவருக்காகக் காத்துக்கிடக்கும் என்று மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை. கணக்கப்பிள்ளைக்கே தோன்றவில்லை.

"பிரிச்சுப் படி ஆத்தா. பயந்தது போதும்," என்றார் மாமியார்.

கோணல்மாணலாக இருந்தாலும் என் வீட்டுக்காரருடைய எழுத்தேதான். கட்டியை எடுத்துவிட்டார்கள், வலி குறைந்திருக்கிறது என்று எழுதியிருந்தார். ஆஸ்பத்திரிக் கஞ்சியைத்தான் வாயில் வைக்க முடியவில்லையாம், இங்கே ஒருவனுக்கும் கஞ்சி காய்ச்சத் தெரியவில்லை என்று அரைப்பக்கம் திட்டியிருந்தார்.

மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கஞ்சிக்குக் கொறை சொல்றானா? அப்பப் பொழச்சுக்கிட்டான்."

எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. சுமைக்காரர் மூட்டையை இறக்காமல் அதுவரை நின்றுகொண்டே இருந்தார்.

"நல்ல சேதிதானே? அப்ப ஒரு கை குடுங்கத்தா, கழுத்து ஒடியுது."

நானும் மாமியாரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இறக்கிவைத்தோம்.