எட்டாம் அத்தியாயத்தில் போட்ட நார்த்தங்காய்

பழத்தைக் கப்பலில் ஏற்றுவதற்கு முன்னால் அது என்ன பழம் என்று சொன்னால் மட்டும் போதாது. எதில் ஊறுகிறது, எடுத்து அப்படியே வாயில் போடலாமா கூடாதா என்பதையெல்லாம் பார்த்து அதற்கு ஓர் எண் போட வேண்டும். அந்த எண்ணை வைத்துத்தான் இறங்குகிற நாட்டில் வரி போடுவார்கள். தஞ்சாவூரில் உட்கார்ந்துகொண்டு அந்த எண்ணைப் போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. க்ளியரிங் ஏஜென்ட் என்பார்கள்.

விதி எளிது. கெடாமல் இருப்பதற்காக மட்டும் உப்புத் தண்ணீரில் போட்டு வைத்து, அந்த நிலையில் அப்படியே தின்ன முடியாத பழம் என்றால் வரிப் புத்தகத்தில் எட்டாம் அத்தியாயம். வெல்லமோ சர்க்கரையோ சேர்த்துப் பக்குவம் செய்து, எடுத்ததும் தின்னலாம் என்றால் இருபதாம் அத்தியாயம். தடிப் புத்தகத்தைப் புரட்டுவதைவிட ஒரு துண்டை வாயில் போட்டுப் பார்ப்பது சுலபம். திருவையாற்றிலிருந்து வந்த வாழைப்பழ ஜாம், திருப்பனந்தாள்காரர் கொண்டுவந்த பலாச்சுளை என்று எல்லாவற்றையும் மேஜையிலேயே தின்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன். ஓசியில் தின்பதற்குச் சட்டமே ஒத்தாசை செய்கிற தொழில் வேறு எது இருக்கிறது? என் நாக்கு தப்புச் செய்யாது என்று எனக்குப் பெரிய கர்வம்.

ஒருநாள் சரக்கு அனுப்ப ஒரு பெண்மணி வந்தார். பூதலூர்ப் பக்கம், எங்கள் ஊர்தான். வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துத் தெரு. அவருடைய அப்பா எங்கள் வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் நின்றவர். இப்போது எங்களுக்கு ஊரில் வயலும் இல்லை, வீடும் இல்லை. அவரோ உணவுப் பதனம் படித்துவிட்டு, ஊரிலேயே நிலம் வாங்கி நார்த்தை வைத்து, கொட்டகை போட்டு, தன் தெருப் பெண்கள் எட்டுப் பேரை வேலைக்கு வைத்திருந்தார். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று முதல் ஆர்டர் கொடுத்திருந்தது. இந்தச் சரக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் வருடா வருடம் வாங்கிக்கொள்வதாகப் பேச்சு.

இதையெல்லாம் அவர் என் எதிரே நாற்காலியில் உட்கார்ந்து, “சார்” போட்டுச் சொன்னார். நான் உட்காரச் சொல்வதற்கு முன்பே உட்கார்ந்திருந்தார். எனக்குப் பிடிக்கவில்லை. மற்றவர்கள் வந்தால் “மேடம்” என்று வழிகிற என் வாயில் அன்று “என்னம்மா” என்றுதான் வந்தது.

“என்னம்மா சரக்கு?”

“நார்த்தங்காய் சார். டிரம்ல அடைச்சு அனுப்புறோம். அங்க போயி அவங்க பாட்டில்ல மாத்திக்குவாங்க.” பையிலிருந்து ஒரு சின்ன பாட்டிலையும் ஸ்பூனையும் எடுத்து வைத்தார். “நான் சொல்றதவிட நீங்களே ஒரு துண்டு வாயில போட்டுப் பாருங்க சார். அப்பத்தான் தெரியும்.”

“இன்னிக்கு விரதம்மா. வச்சுட்டுப் போங்க.”

அவர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தினார். நான் அதை ஜன்னல் ஓரம் நகர்த்தினேன். அவர் போன பிறகும் மூடியைத் திறக்கவில்லை. என்ன இருக்கப்போகிறது? தஞ்சாவூர்க்காரனுக்கு நார்த்தங்காய் என்றால் உப்பு. டிரம் என்றால் உப்புத் தண்ணீர். எட்டாம் அத்தியாயம் என்று எழுதி, மறுநாள் அவரை வரச்சொல்லித் தாளை நீட்டினேன்.

அவர் கையெழுத்துப் போடுவதற்கு முன் வரி வரியாகப் படித்தார். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

“சார், இந்த நிலையில் உண்ணத் தகுந்ததல்லன்னு எழுதியிருக்கீங்களே? இது அப்படியே சாப்பிடுறதுதானே?”

“அது சட்டத்துல உள்ள வாசகம். உங்களுக்குப் புரியாது. நீங்க காயை நறுக்குற வேலையப் பாருங்க, சட்டத்த நான் பாத்துக்குறேன்.”

என் கம்ப்யூட்டரில் தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பெண்மணியின் முகம் சிறுத்துப்போயிற்று. கையெழுத்துப் போட்டார். சரியாகத் தட்டிவைத்தோம் என்று எனக்குள் ஒரு குஷி. அந்தக் குஷியை நினைத்தால் இன்றைக்கு என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

ஒன்றரை மாதம் கழித்து, சரக்கை அங்கே துறைமுகத்தில் நிறுத்திவிட்டார்கள் என்று போனில் சொன்னார். காரணம் கேட்டேன். நேரில் வருகிறேன் என்றார். வந்தார். கையில் ஒரு உறை இருந்தது. அதைக் கொடுக்காமல் மடியில் வைத்துக்கொண்டார்.

“சார், ஒண்ணே ஒண்ணு கேட்டுக்குறேன். அன்னிக்கு நான் வச்சுட்டுப் போனத சாப்பிட்டுப் பாத்தீங்களா?”

“பாக்காம எழுதுவனா?”

“எப்படி இருந்துச்சு?”

“உப்பு தூக்கல். கொஞ்சம் காரம்.” துணிந்து சொன்னேன். நார்த்தங்காயில் வேறு என்ன இருந்துவிடப்போகிறது என்ற தைரியம்.

அவர் உறையை மேஜைமேல் வைத்தார். பிரித்துப் படித்தேன். அந்த நாட்டு அதிகாரி டிரம்மைத் திறந்து, சோதனைக்கும் அனுப்பி, தானும் ருசி பார்த்திருக்கிறார். கசப்பு நீக்கி வெல்லப்பாகில் ஊறவைத்த பழம், உடனே உண்ணத் தகுந்தது, வகைப்பாடு பொய்யாக அறிவிக்கப்பட்டிருக்கிறது என்று எழுதியிருந்தார்.

“எங்கேயோ இருக்குறவரு ஒரு துண்டு எடுத்துத் தின்னுருக்காரு சார்” என்றார். “நீங்க விரதம்னீங்க. நான் வெளியில செருப்பு மாட்டிக்கிட்டிருந்தேன். எனக்கு அப்புறம் வந்தவரு குடுத்த மாங்கா வத்தல நீங்க மென்னுக்கிட்டே பேசுனது கேட்டுச்சு. அப்பவே வேற ஏஜென்டப் பாத்திருக்கணும். என் தப்பு.”

மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக நான் சொன்னது இது: “படிச்சுட்டுத்தானம்மா கையெழுத்துப் போட்டீங்க? பொறுப்பு கையெழுத்துப் போட்டவங்களோடதுதான்.” சட்டப்படி அது சரிதான். அதனால்தான் சொன்னேன்.

“ஆமா சார். என் கையெழுத்துதான்.”

பொய் அறிவிப்பு என்று எழுதியானதும் வாங்குகிற கம்பெனி விலகிக்கொண்டது. அடுத்த வருடத்துப் பேச்சும் அதோடு போயிற்று. அந்த எட்டுப் பெண்களும் மறுபடி நடவுக்குப் போகிறார்கள் என்று பின்னால் கேள்விப்பட்டேன். சரக்கைத் திருப்பிக் கொண்டுவரும் செலவுக்கு அவரிடம் வழியில்லை. அங்கேயே அழித்துவிடச் சம்மதம் என்று உரிமையாளர் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தக் கடிதத்தையும் நான்தான் தயாரித்தேன். அவருக்கு வேறு ஏஜென்ட் தேட அவகாசம் இல்லை.

அதில் சரக்கின் விவரத்தைப் பிழையில்லாமல் எழுதியாக வேண்டும், இல்லாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இருபதாம் அத்தியாயம், வெல்லப்பாகில் பதப்படுத்திய நார்த்தங்காய், உடனே உண்ணத் தகுந்தது என்று தட்டச்சு செய்யச் சொன்னேன். அதற்குக் கீழே, மேற்படி சரக்கைக் குழியில் கொட்டி அழிக்கச் சம்மதிக்கிறேன் என்று வந்தது. அவர் இந்த முறையும் வரி வரியாகப் படித்தார்.

“இப்ப சரியா இருக்கு சார்” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.